சங்கத்துல சேரணுமா சார்? அரசு பொறியாளர் சங்கம் என்ன வேலை பார்க்குதுன்னு புதுசா வந்த ஏ.இ.க்களுக்கு (உதவிப் பொறியாளர்களுக்கு) ஒரு விளக்கம்

போன மாசம் எங்க சப் டிவிஷனுக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதி செலக்ட் ஆன ஒரு பொண்ணு ஏ.இ.யா வந்து ஜாயின் பண்ணாங்க. ரெண்டாவது வாரமே சங்கத்தோட மாவட்டச் செயலாளர் ரசீது புக்கோட வந்துட்டார். உறுப்பினர் படிவத்தைக் கொடுத்தார், சந்தா எவ்வளவுன்னு சொன்னார், டீ குடிச்சிட்டு கிளம்பிட்டார். அவர் வண்டி கேட்டைத் தாண்டுன உடனே அந்தப் பொண்ணு என் டேபிள்கிட்ட வந்து "சார், இது கட்டாயமா? சேரலன்னா ஏதாவது பிரச்சினை வருமா? நாளைக்கு ஸ்ட்ரைக்னு சொன்னா நானும் போகணுமா? நான் இன்னும் ப்ரொபேஷன்லதான சார் இருக்கேன்"ன்னு ஒரே மூச்சுல கேட்டாங்க.

எல்லாமே கேட்க வேண்டிய கேள்விதான். நான் சர்வீசுக்கு வந்தப்ப எனக்கு இதைக் கேட்கக்கூடத் தெரியல, எல்லாரும் சேர்றாங்கன்னு நானும் சேர்ந்தேன், சங்கம்னா என்னன்னு புரிய எனக்கு ஆறு வருஷமும் ஒரு மோசமான மார்ச் மாசமும் ஆச்சு. அந்தக் கதைய அப்புறம் சொல்றேன், முதல்ல அடிப்படை.

சேர்றது கட்டாயம் கிடையாது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, சேரக்கூடாதுன்னு அதிகாரி யாரும் தடுக்கவும் முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தோட 19வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் சங்கம் வைக்கிற உரிமையக் கொடுக்குது, அரசு வேலைக்கு வந்ததால அது போயிடறது இல்ல. 1962ல உச்ச நீதிமன்றம் ரெண்டு முக்கியமான வழக்குல இதைத் தெளிவா சொல்லிடுச்சு. காமேஷ்வர் பிரசாத் வழக்குல, அமைதியா ஆர்ப்பாட்டம் பண்றதை அரசு மொத்தமா தடை பண்ண முடியாதுன்னு சொன்னாங்க, ஆனா ஸ்ட்ரைக் பண்றது அடிப்படை உரிமை இல்லன்னும் அதே தீர்ப்புல சொன்னாங்க. ஓ.கே. கோஷ் வழக்குல, அரசு அங்கீகரிக்காத சங்கத்துல ஊழியர் இருக்கவே கூடாதுன்னு இருந்த மத்திய அரசு விதி செல்லாதுன்னு தீர்ப்பாச்சு. அதனால ப்ரொபேஷன்ல இருக்கவங்களும் பயப்படாம சேரலாம்.

சரி, இன்ஜினியர்களுக்கு மட்டும் ஏன் தனியா சங்கம்? அரசு ஊழியர்களுக்குப் பொதுவா பெரிய பெரிய சங்கங்கள் இருக்கே, அதுல சேர்ந்தா போதாதான்னு ஒரு கேள்வி வரும். இதுக்குப் பதில் நம்ம கையெழுத்துலதான் இருக்கு. ஒரு எம் புக்க எடுத்துப் பாருங்க, அதான் அளவுப் புத்தகம். பக்கத்துக்கு நம்பர் அச்சடிச்சே வரும், ஒரு தாளைக்கூடக் கிழிக்க முடியாது, ஒரு எண்ணை அடிச்சுத் திருத்தினா பக்கத்துல இனிஷியல் போடணும். எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், கடைசியா கன அளவு, அதுக்குக் கீழ ஏ.இ. கையெழுத்து, தேதி. ஏ.இ.இ., அதாவது உதவி செயற்பொறியாளர் வந்து செக் மெஷர்மென்ட் எடுத்து அளவைச் சரிபார்ப்பார், இ.இ., அதாவது செயற்பொறியாளர் பில்லை பாஸ் பண்ணுவார், ஆனா பத்து வருஷம் கழிச்சு ஆடிட் வந்து "இந்த 340 கன மீட்டர் எங்க"ன்னு கேட்டா முதல்ல தேடுறது அந்தப் பக்கத்துல இருக்கிற ஏ.இ. கையெழுத்தைத்தான். எஸ்டிமேட், லெவல் புக், தரச் சான்று எல்லாத்துக்கும் இதே நிலைமைதான். வேலைய எப்ப ஆரம்பிக்கணும், எப்ப முடிக்கணும், எவ்வளவு நிதி, யாருக்கு டெண்டர்னு முடிவு பண்றவங்க நிறைய பேர், அதுல பாதி பேரு பைல்லயே இருக்க மாட்டாங்க, கையெழுத்து மட்டும் நம்மளோடது, அதுக்கான பொறுப்பும் நம்ம தலையில. இந்த இடைவெளியிலதான் பொறியாளர் சங்கம் நிக்குது, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்னு நான் நினைக்கிறேன்.

இப்ப அந்த மார்ச் கதை. எந்த மாவட்டம், எந்த ஆபீஸ்னு சொல்லல. ஒரு ஏரிக்கரை பலப்படுத்துற வேலை, கரைக்கு மண் ஏத்தியாச்சு, உள்பக்கச் சரிவுல கல்லு பதிக்கிற வேலை பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. மார்ச் 31க்குள்ள பில் போடலன்னா அந்த வருஷ நிதி லேப்ஸ் ஆயிடும்னு எல்லாருக்கும் பதட்டம். மேல இருந்து போன் வந்துச்சு, "முழு அளவையும் எழுதிடுங்க தம்பி, ஏப்ரல்ல முடிச்சுக் கொடுத்துடுவாங்க, எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான்". ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்த எம் புக்க டேபிள்ல விரிச்சு வச்சு உக்காந்திருந்தேன். கடைசில நான் டேப் பிடிச்சு அளந்த அளவை மட்டும் எழுதினேன், மீதி வேலை முடியல, அதனால அளவு பதிவு பண்ண இயலாதுன்னு ஒரு கடிதம் எழுதி தபால்ல சேர்த்து, நகல்ல சீல் வாங்கிட்டேன்.

ஒன்பதாவது நாள் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துச்சு, மாநிலத்தோட இன்னொரு மூலைக்கு, "நிர்வாக நலன் கருதி"ன்னு. என் பொண்ணு அப்ப யு.கே.ஜி. படிச்சிட்டிருந்தா. எனக்கு வந்த கோவத்துல மெடிக்கல் லீவு போட்டுட்டு கோர்ட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டேன். அப்பதான் அன்னைக்கு சங்கச் செயலாளரா இருந்த பெரியவர் வீட்டுக்கே வந்தார், வந்த உடனே சொன்னது இதுதான்: "தம்பி, முதல்ல போய் ஜாயின் பண்ணு. லீவு போட்டேன்னா உத்தரவை மதிக்கலன்னு அதுவே ஒரு தனி சார்ஜ் ஆயிடும், நீ எழுதின லெட்டர் அதுக்கப்புறம் எடுபடாது. ரிலீவ் ஆகுறதுக்கு முன்னாடி சார்ஜ் லிஸ்ட் போட்டு எம் புக்க நம்பரோட ஒப்படைச்சு கையெழுத்து வாங்கு, கடிதத்தை மூணு ஜெராக்ஸ் எடு, ஒண்ணை எங்கிட்ட கொடு." சங்கத்து லெட்டர்ஹெட்ல தலைமைப் பொறியாளருக்கு ஒரு மனு போச்சு, அதுல என்னைப் பத்தி புகழ்ந்து ஒரு வரி இல்ல, எந்தத் தேதியில என்ன கடிதம், எந்தத் தேதியில டிரான்ஸ்ஃபர், பொது மாறுதல் காலம் எப்ப, அவ்வளவுதான் வரிசையா இருந்துச்சு. டிரான்ஸ்ஃபர் உடனே ரத்தாகல, உண்மைய சொல்லணும்ல, நான் பதினாலு மாசம் குடும்பத்தை விட்டு இருந்தேன். ஆனா அதுக்கு அடுத்த வருஷம் அந்தப் பகுதி வேலைகள்ல ஆடிட் ஆட்சேபணை வந்தப்ப, நடக்காத வேலைக்கு அளவு எழுதின பக்கத்து செக்ஷன் ஏ.இ.க்கு சார்ஜ் மெமோ வந்துச்சு, எனக்கு வரல. அவரும் நல்ல மனுஷன்தான், அவர்கிட்டயும் அதே போன் போட்டிருந்தாங்க, எழுதிக் கொடுத்து மறுக்கலாம்னு அவருக்குச் சொல்ல ஆள் இல்ல.

சார்ஜ் மெமோன்னா என்னன்னு புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன், நம்ம மேல உள்ள குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து பதில் கேட்கிற குறிப்பாணை அது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள்ல 17(அ), 17(ஆ)ன்னு ரெண்டு இருக்கு, ஆபீஸ்ல எல்லாரும் செவன்டீன் ஏ, செவன்டீன் பின்னுதான் சொல்வாங்க. 17 ஏ சின்ன தண்டனைக்கானது, கண்டனம், இன்கிரிமென்ட் நிறுத்தி வைக்கிறது மாதிரி. 17 பி பெரிய தண்டனைக்கானது, பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, டிஸ்மிஸ் வரைக்கும் போகும். தண்டனையவிட பெரிய கொடுமை அது பெண்டிங்ல கிடக்கிறதுதான், 17 பி நிலுவையில இருந்தா ப்ரமோஷன் பேனல்ல, அதாவது பதவி உயர்வுப் பட்டியல்ல பேரு வராது, விசாரணை அதிகாரி மாறுவார், பைல் மாறும், ஜூனியர்ங்க எல்லாம் ஏ.இ.இ. ஆகி இ.இ. ஆகி வந்து நம்மளை இன்ஸ்பெக்ஷன் பண்ணுவாங்க, கடைசில எட்டு வருஷம் கழிச்சு "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை"ன்னு ஒரு வரி வரும். சங்கம் இதுல பார்க்கிற வேலை வெளியில யாருக்கும் தெரியாது: மெமோவுக்கு பதில் எழுத உதவுறது, எந்த ஆவணத்தோட நகலைக் கேட்கணும்னு சொல்றது, விசாரணையை முடிக்கச் சொல்லி மறுபடி மறுபடி போய் நிக்கிறது. லஞ்சம் வாங்கி பிடிபட்டவருக்கும் இதே மாதிரி சங்கம் போய் நிக்கணுமான்னு கேட்டா, விதிப்படி விசாரணை நடக்கணும்னு கேட்கலாம், அதுக்கு மேல ஒரு அடி போகக்கூடாதுங்கிறது என் கருத்து. அப்படிப் போன இடத்துல எல்லாம் நேர்மையா இருக்கவனுக்கு மனு எழுதுறப்ப அந்த லெட்டர்ஹெட்டுக்கு மதிப்பு குறைஞ்சு போயிடுது.

அடுத்தது, சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் உள்ள வித்தியாசம். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், சட்டத்துல வேற வேற. ஃபேக்டரி மாதிரி இடத்துல தொழிற்சங்கங்களுக்கான சட்டப்படி (2025 நவம்பர் வரைக்கும் 1926ஆம் வருஷத்து தொழிற்சங்கச் சட்டம், இப்ப தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம்) யூனியன் பதிவு பண்ணுவாங்க, நிர்வாகத்தோட உக்காந்து பேசி ஒப்பந்தம் போடுவாங்க, ஒப்பந்தத்தை மீறினா நிர்வாகம் பதில் சொல்லணும். மின்வாரியம் மாதிரி வாரியங்கள்லயும் சம்பளத்துக்கு யூனியன்களோட பேச்சுவார்த்தை நடத்தி ஒப்பந்தம் போடுற வழக்கம் இருக்கு. ஆனா பொதுப்பணி, நீர்வளம், நெடுஞ்சாலை மாதிரி நேரடி அரசுத் துறைகள்ல இருக்கிற நமக்கு ஒப்பந்தம்னு ஒண்ணு கிடையாது. நம்ம சம்பளம், ப்ரமோஷன், லீவு எல்லாம் அரசியலமைப்போட 309வது பிரிவுல வர்ற விதிகளும் சட்டங்களும் அரசாணைகளும்தான். அரசு நினைச்சா ஒரு ஜி.ஓ.ல (அரசாணையில) கொடுக்கும், இன்னொரு ஜி.ஓ.ல எடுக்கும். அதனால நம்ம சங்கத்தோட ஆயுதம் மனுவும் புள்ளிவிவரமும் விதிப்புத்தகமும்தான், நல்ல சங்கத் தலைவரைப் பார்த்தீங்கன்னா மைக் பிடிச்சு பேசுறதைவிட ஜி.ஓ. படிக்கிறதுல கெட்டிக்காரரா இருப்பார்.

மத்திய அரசுல இது கொஞ்சம் ஒழுங்கா எழுதி வச்சிருக்காங்க. அங்க 1966ல இருந்து கூட்டு ஆலோசனை அமைப்புன்னு ஒண்ணு இருக்கு, 1993ல வந்த அங்கீகார விதிகள்படி ஒரு பிரிவு ஊழியர்கள்ல குறைஞ்சது 35 சதவீதம் பேரு உறுப்பினரா இருந்தாதான் அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம், சந்தாவையும் சம்பளத்துலயே பிடிச்சுக் கணக்கு பார்ப்பாங்க. யாருக்கு எவ்வளவு ஆதரவுன்னு வாய்ப்பேச்சுக்கு இடமே இல்ல.

நம்ம ஊர்ல எத்தனை சங்கம்னு கேட்டா விரல் பத்தாது. ஏன்னா துறைகளே அப்படிப் பிரிஞ்சு பிரிஞ்சு வந்தது. பொதுப்பணித் துறை 1858ல ஆரம்பிச்சது, அதுல இருந்து நெடுஞ்சாலைத் துறை 1946ல தனியாச்சு, குடிநீர் வடிகால் வாரியம் 1971ல வந்துச்சு, நீர்வளத் துறை 2021ல தனித் துறையாச்சு. மின்வாரியம் 1957ல ஆரம்பிச்சு 2010ல உடைஞ்சு, 2024ல மறுபடி உடைஞ்சிருக்கு. இதுக்கு மேல ஊரக வளர்ச்சி, நகராட்சி, வேளாண் பொறியியல்னு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் தனித்தனிச் சங்கம், சில இடத்துல டிகிரி முடிச்சு ஏ.இ.யா வந்தவங்களுக்கு ஒரு சங்கம், டிப்ளமா முடிச்சு ஜே.இ.யா (இளநிலைப் பொறியாளரா) வந்து ப்ரமோஷன்ல ஏறினவங்களுக்கு இன்னொரு சங்கம். ஏ.இ.இ. ப்ரமோஷன்ல யாருக்கு எத்தனை இடம்ங்கிறதுலதான் இந்த ரெண்டு தரப்புக்கும் ஓயாத தகராறு. எனக்கு இதுல வருத்தம் உண்டு. ஒரே சைட்ல ஒரே வெயில்ல நிக்கிறவங்க ரெண்டு லெட்டர்ஹெட்ல ஒருத்தருக்கு எதிரா ஒருத்தர் மனு கொடுக்கிறதை அதிகாரிங்க பொறுமையா வாங்கி வச்சுப்பாங்க, ரெண்டுமே அங்கயே கிடக்கும்.

சம்பளத்துக்கு வருவோம், ஏன்னா நிறைய பேரு சங்கத்தைத் தேடுறதே இதுக்குத்தான். ஒரு உதாரணத்தை முழுசா எடுத்துக்குவோம். 2010ல அரசு போட்ட ஒரு நபர் குழு ஊதிய முரண்பாடுகளைப் பார்த்து பரிந்துரை கொடுத்துச்சு, அதுல ஏ.இ.க்கு 15,600–39,100 ஊதிய விகிதமும் 5,400 தர ஊதியமும் கிடைச்சுது. அது ஒரு நாள்ல வந்தது இல்ல, வருஷக்கணக்கா மத்த துறைகளோட, மத்த மாநிலங்களோட ஒப்பிட்டு டேபிள் டேபிளா போட்டுக் கொடுத்த மனுக்களோட பலன். மூணே வருஷம், 2013 ஜூலைல ஊதியக் குறைதீர் பிரிவோட பரிந்துரைன்னு சொல்லி பல துறைகள்ல பல பதவிகளுக்கு ஊதியத்தைக் குறைச்சு அரசாணைகள் வந்துச்சு, ஏ.இ.க்கு 9,300–34,800, தர ஊதியம் 5,100ன்னு ஆச்சு. பார்க்கிறப்ப தர ஊதியத்துல 300 ரூபாதான குறைஞ்சிருக்குன்னு தோணும். ஆனா 2017 அக்டோபர்ல ஏழாவது ஊதியக் குழு பே மேட்ரிக்ஸ் வந்தப்பதான் அடி எங்க விழுந்துச்சுன்னு தெரிஞ்சுது. 5,100 தர ஊதியம் லெவல் 20ல போய் உக்காந்துச்சு, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 37,700. 5,400 இருந்திருந்தா லெவல் 22, ஆரம்பம் 56,100. மாசம் 18,400 ரூபா அடிப்படைச் சம்பளத்துலயே வித்தியாசம், அதுக்கு மேல வர்ற டி.ஏ., ரிட்டயர் ஆகுறப்ப கிடைக்கிறது எல்லாம் இதை வச்சுத்தான கணக்கு.

இதுக்காக சங்கங்கள் கோர்ட்டுக்குப் போச்சு, வழக்கு வருஷக்கணக்கா நடந்துச்சு, அரசு மறுபடி குழு போட்டுச்சு. இன்னைக்கு வேலைக்கு வர்ற ஏ.இ. நோட்டிபிகேஷன்ல 37,700ன்னு பார்த்துட்டு அதுதான் இந்தப் பதவிக்கு ஆதி காலத்துல இருந்து இருக்கிற சம்பளம்னு நினைச்சுட்டு வர்றாங்க. பழைய சங்க ஆளுங்க கட்டுக் கட்டா பைல் வச்சிருக்கிறது எதுக்குன்னு கேலியா பார்க்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், எப்ப என்ன இருந்துச்சு, எந்த உத்தரவுல எது போச்சுன்னு யாராவது ஒருத்தர் வரிசையா வச்சிருந்தாதான் அடுத்த ஊதியக் குழு வர்றப்ப வாயைத் திறந்து கேட்க முடியும்.

ஸ்ட்ரைக் பத்தி அந்தப் பொண்ணு கேட்டாங்கல்ல. இதை 2003ஐ சொல்லாம விளக்கவே முடியாது. அந்த வருஷம் ஜூலை 2ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க, பென்ஷன் மாதிரி பலன்கள்ல கை வச்சதுதான் காரணம். அரசு டெஸ்மாங்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால இன்னும் கடுமையாக்கி, ஒரே வீச்சுல சுமார் 1.7 லட்சம் பேரை டிஸ்மிஸ் பண்ணுச்சு. ராத்திரியோட ராத்திரியா வீடு தேடி வந்து அரெஸ்ட் பண்ணாங்க. ஆகஸ்ட் 6ஆம் தேதி டி.கே. ரங்கராஜன் வழக்குல உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு ஸ்ட்ரைக் பண்ண அடிப்படை உரிமை மட்டும் இல்ல, சட்ட உரிமையோ தார்மீக உரிமையோகூட கிடையாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. பெரும்பாலானவங்களை அப்புறம் திரும்ப எடுத்துக்கிட்டாங்கன்னாலும் அந்த மாசத்தை அனுபவிச்ச குடும்பங்கள் இன்னும் மறக்கல. தார்மீக உரிமையும் இல்லன்னு சொன்னது எனக்கு இன்னைக்கும் ஏத்துக்க முடியாத வார்த்தை, ஆனா தீர்ப்பு தீர்ப்புதான், தெரிஞ்சுக்கிட்டுத்தான் முடிவெடுக்கணும்.

அதுக்காக போராட்டமே நின்னுடல, 2019 ஜனவரில ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ நடத்தின வேலைநிறுத்தம் ஒரு வாரத்துக்கு மேல போச்சு. ஆனா பொறியாளர் சங்கங்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்குப் போறதில்ல. கருப்பு பேட்ஜ் குத்திக்கிட்டு வேலை பார்க்கிறது, சாப்பாட்டு இடைவேளையில வாயில் கூட்டம், சாயங்காலம் ஆர்ப்பாட்டம், சென்னைல பெருந்திரள் முறையீடு, ரொம்பப் போனா ஒட்டுமொத்தமா ஒரு நாள் தற்செயல் விடுப்பு. அதனால உங்ககிட்ட பேட்ஜ் கொடுத்தா குத்துறதும் வேண்டாம்னு சொல்றதும் உங்க விருப்பம், வேலைக்கு வராம இருக்கச் சொன்னா மட்டும் அது ஸ்ட்ரைக்கா, லீவு சாங்ஷன் ஆயிருக்கா, நோட்டீஸ் கொடுத்திருக்காங்களா, சம்பளம் பிடிப்பாங்களா, ப்ரொபேஷன்ல இருக்கவங்களுக்கு என்ன பாதிப்புன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கேட்டா கோவிச்சுக்கிற செயலாளர்னா அவர் சரியான செயலாளர் இல்ல.

சீனியாரிட்டி விஷயம் கொஞ்சம் சிக்கலானது, ஆனா சங்கத்தோட பலவீனம் எங்க இருக்குன்னு இதுலதான் தெரியும். 2016ல தமிழ்நாடு அரசு ஊழியர்கள் பணி நிபந்தனைகள் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. தேர்வுல யாரு எத்தனையாவது ரேங்க்ங்கிறதை வச்சு சீனியாரிட்டியா, இல்ல இட ஒதுக்கீட்டு சுழற்சிப் பட்டியல்ல எந்த இடம்ங்கிறதை வச்சான்னு ரொம்ப நாளா இருந்த வழக்குக்கு, சுழற்சிதான்னு அந்தச் சட்டம் சொல்லுச்சு. 2019 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து பண்ணி, டி.என்.பி.எஸ்.சி. மெரிட்தான் சீனியாரிட்டின்னு தீர்ப்பு கொடுத்துச்சு, 2020 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. இதனால ஏற்கெனவே ப்ரமோஷன்ல போனவங்களோட பட்டியலெல்லாம் திருத்த வேண்டியதாச்சு, பேனல் போட முடியாம காலியிடங்கள் அப்படியே நின்னுச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க, இதுல லாபம் அடைஞ்சவரும் சங்க உறுப்பினர், நஷ்டம் அடைஞ்சவரும் சங்க உறுப்பினர், ரெண்டு பேரும் ஒரே சந்தாதான் கட்டியிருக்காங்க. சங்கம் எந்தப் பக்கம் பேசும்? கோர்ட் செலவுக்கு அவங்கவங்களே தனித்தனியா காசு போட்டு வக்கீல் வச்சாங்க. இந்த மாதிரி நேரத்துல சங்கம் செய்யக்கூடியது ஒண்ணுதான், யாரு மேல யாரு கீழங்கிறதை கோர்ட் பார்த்துக்கட்டும், ஆனா காலியிடங்களைத் தற்காலிகப் பேனல்லயாவது நிரப்புங்கன்னு ரெண்டு தரப்புக்காகவும் கேட்கிறது.

ஏன்னா காலியிடம்ங்கிறது நம்ம பிரச்சினை மட்டும் இல்ல. ஒரு ஏ.இ. தன்னோட செக்ஷனுக்கு மேல இன்னும் ரெண்டு செக்ஷனுக்குக் கூடுதல் பொறுப்பு பார்த்தா காங்கிரீட் போடுற அன்னைக்கு அவர் எந்த சைட்ல நிப்பார்? அவர் நிக்காத சைட்ல தண்ணி எவ்வளவு ஊத்துனாங்க, பலத்தை சோதிக்க காங்கிரீட் கியூப் எடுத்தாங்களா, யாருக்குத் தெரியும்? அந்தப் பாலத்துல நாளைக்கு பஸ் போகப் போகுது. 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துல கரையேறி லட்சத்துக்கு மேல மின்கம்பங்கள் சாய்ஞ்சப்ப, மாநிலம் முழுக்க இருந்து மின்வாரிய இன்ஜினியர்களும் ஊழியர்களும் போய் வாரக்கணக்கா டெல்டாவுலயே தங்கி கம்பம் நட்டாங்க. ஆட்கள் இருந்ததாலதான் அது முடிஞ்சுது. சங்கம் காலியிடத்தை நிரப்பச் சொல்லி அறிக்கை விட்டா "இவங்களுக்கு ப்ரமோஷன் வேணும், அதான் கத்துறாங்க"ன்னு பேசுறவங்க இதையும் சேர்த்துப் பார்க்கணும்.

தனியார்மயம் பக்கம் வந்தா பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஒண்ணா நிக்கிறதைப் பார்க்கலாம். பக்கத்துல புதுச்சேரிலயே நடந்துச்சு. 2020 மே மாசம் மத்திய அரசு யூனியன் பிரதேசங்கள்ல மின் விநியோகத்தைத் தனியார்மயமாக்குறோம்னு அறிவிச்சுது, 2022 செப்டம்பர் கடைசில புதுச்சேரில டெண்டர் வந்த உடனே மின்துறை பொறியாளர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து போராட்டக் குழு அமைச்சு வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க, ஊரே பல மணி நேரம் இருட்டுல கிடந்துச்சு, துணை ராணுவம் வந்துச்சு, அக்டோபர் முதல் வாரத்துல பேச்சுவார்த்தைக்கு அப்புறம் போராட்டத்தைத் தள்ளி வச்சாங்க. சண்டிகர்ல எதிர்ப்பையும் மீறி 2025 பிப்ரவரில தனியார்கிட்ட கொடுத்துட்டாங்க. அகில இந்திய மின் பொறியாளர் கூட்டமைப்பு மாதிரி அமைப்புகள் ஒரு மாநிலத்துல நடக்கிறதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு போறதே இதுல பெரிய வேலை. புதுச்சேரி ஜனங்க இருட்டுல பட்ட கஷ்டத்தை நான் லேசா சொல்லல, கைக்குழந்தையோட இருந்தவங்க, ஆஸ்பத்திரில இருந்தவங்க பட்டது உண்மையான கஷ்டம், அதனாலதான் அந்த மாதிரி போராட்டத்தைக் கடைசி வழியா மட்டும் வைக்கணும்.

இதே கேள்வி வெளிநாட்டுலயும் இருக்கு. கலிபோர்னியா மாநில அரசு இன்ஜினியர்களுக்கு புரொஃபஷனல் இன்ஜினியர்ஸ் இன் கலிபோர்னியா கவர்ன்மென்ட்னு ஒரு சங்கம். அங்க 1977ல வந்த ஒரு சட்டத்தால மாநில அரசு ஊழியர் சங்கத்தோட அரசு உக்காந்து பேசியே ஆகணும், பேசி முடிச்சதை எழுதி, சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்து, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஏத்துக்கணும். நம்மகிட்ட இல்லாதது இதுதான். ரோடு, பாலம் டிசைன் வேலைய தனியார் கன்சல்டன்ட்டுக்குக் கொடுக்கிறதை எதிர்த்து அவங்க வழக்கு போட்டு 1997ல மாநில உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. ஆனா 2000ல பொதுமக்கள் வாக்கெடுப்பு வச்சு அரசியலமைப்பையே திருத்தி கன்சல்டன்ட்டுக்கு வழி விட்டுட்டாங்க. கோர்ட்ல ஜெயிச்சாலும் ஜனங்களுக்கு நம்ம வேலை என்னன்னு புரியலன்னா நிக்காதுன்னு இதைப் படிச்சப்ப எனக்குத் தோணுச்சு. நம்ம சங்கங்கள் செப்டம்பர் 15 விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள்ல பொறியாளர் தினம் கொண்டாடி நமக்குள்ளயே சால்வை போட்டுக்கிறோம், அன்னைக்கு ஒரு பள்ளிக்கூடப் பசங்களைக் கூட்டிட்டுப் போய் மதகு ஷட்டர் எப்படித் திறக்குதுன்னு காட்டினா எவ்வளவு நல்லா இருக்கும்.

சேர்றதா இருந்தா சில விஷயம் பார்த்துக்குங்க. சந்தா கட்டினா நம்பர் போட்ட ரசீது வாங்குங்க. சங்கத்தோட பைலாவை, அதாவது விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிங்க, நிறைய பேரு ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதைக் கண்ணால பார்த்ததே இல்ல. பொதுக்குழு வருஷா வருஷம் கூடுதா, தணிக்கை பண்ணின வரவு செலவு வைக்கிறாங்களா, தேர்தல் நடக்குதா, இல்ல அதே நாலு பேரு இருபது வருஷமா இருக்காங்களான்னு பாருங்க. வேண்டியவருக்கு நல்ல இடத்துல போஸ்டிங் வாங்கித் தர்றதுதான் சங்க வேலைன்னு நினைக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அவங்க பின்னாடி போகாதீங்க, இன்னைக்கு உங்களுக்கு வாங்கித் தர்ற இடம் யாரையோ தூக்கிட்டு வந்த இடமா இருக்கும். சங்கம் இருக்குன்னு நம்பி உங்க வேலைய விட்டுடவும் கூடாது, எஸ்.ஆர்.ல, அதாவது பணிப் பதிவேட்டுல வருஷா வருஷம் என்ட்ரி சரியா இருக்கான்னு நீங்கதான் பார்க்கணும், முக்கியமான பேச்சை போன்ல முடிக்காம கடிதமா எழுதி தபால் சீல் வாங்கின நகலை வீட்டுல ஒரு பைல்ல போட்டு வைக்கணும். பிரச்சினை வந்தப்புறம் சங்கத்துக்கு ஓடுறப்ப அவங்க முதல்ல கேட்கிறது "பேப்பர் இருக்கா?"ங்கிறதுதான்.

அந்தப் பொண்ணுகிட்ட இதையெல்லாம் ரெண்டு மூணு சாயங்காலமா சொன்னேன், நடுவுல அவங்களும் நல்லா மடக்கி மடக்கிக் கேட்டாங்க, செயற்குழுவுல பெண்கள் எத்தனை பேரு, சைட்ல பாத்ரூம் இல்லாததைப் பத்தி சங்கம் எப்பவாவது மனு கொடுத்திருக்கான்னு கேட்டப்ப என்கிட்ட பதில் இல்ல. நான் சேர்ந்து இத்தனை வருஷத்துல அப்படி ஒரு மனு போனதா எனக்கு ஞாபகம் இல்ல. சந்தா கட்டிட்டாங்க. கூடவே பைலா ஒரு காப்பி வேணும்னும், அடுத்த மாவட்டக் கூட்டத்துல சைட் கழிப்பறை விஷயத்தைப் பொருள் நிரல்ல சேர்க்கணும்னும் எழுதிக் கொடுத்து, நகல்ல செயலாளர்கிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க. பைலாவைத் திங்கட்கிழமை கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்.